மச்சான் உட்கார்ந்தால் ஓடும் கார்

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். நான் துறைமுகத்தில் கண்டெய்னர் எண்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். திருவொற்றியூரில் என் பக்கத்து வீட்டுக்காரன் வெல்டர். வாரம் முழுக்க மணலியில் குழாய் ஒட்டுவான். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் எதையாவது ஒட்டினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். அப்படித்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கார் கட்டினோம். இரும்புக் குழாயில் சட்டம், மேலே மெல்லிய தகரம், பின்னால் ஒரு பழைய சின்னக் காரின் இன்ஜின். கதவு கிடையாது. அவ்வளவு லேசான வண்டிக்கு நாங்கள் மாட்டியது, உடைத்துப் போட்ட வேன் ஒன்றின் ஸ்பிரிங்குகள். கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தோம்.

முதல் ஓட்டத்தில் வெல்டரின் மனைவி, மடியில் மீன் குழம்புத் தூக்கோடு பின்னால் ஏறினார். இரண்டு தெரு தள்ளியிருந்த அம்மா வீட்டுக்குப் போகவேண்டும். முதல் வேகத்தடையில் வண்டி எகிறியது. குழம்பு முழுவதும் புருஷன் முதுகில்.

"கார்னு சொல்லி தவக்கள மேல குந்த வச்சிட்டியே! சங்கரா மீனு, அத்தினியும் போச்சு!"

ஸ்பிரிங் அழுந்தவே இல்லை என்பது எங்களுக்குப் புரிந்தது. வண்டியின் மூலையில் நான் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். என் முட்டிதான் வலித்தது.

அப்போது வந்து சேர்ந்தார் வெல்டர் மனைவியின் அண்ணன். காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். நூற்றுப் பதினைந்து கிலோ. "நகுருங்கடா, நான் பாக்கறேன்" என்று பின்சீட்டில் உட்கார்ந்தார். வண்டி நாலு விரல் இறங்கியது. அதே வேகத்தடையில் தொட்டில் மாதிரி ஏறி இறங்கியது. வெல்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மச்சான், அப்பிடியே குந்திகினு இரு. எந்திரிச்சிடாத!"

அவர் பிரியாணி சாப்பிட்டபடி உட்கார்ந்திருக்க, நாங்கள் கீழே படுத்து உயரம், சக்கரத்தின் சாய்வு எல்லாவற்றையும் அவர் எடைக்கே பொருத்தினோம். எலும்பு ஒன்று என் நெற்றியில் விழுந்தது.

அதன்பிறகு மச்சான் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை. தெருமுனைக்குப் போவதானாலும் ஆளனுப்பிக் கூப்பிடவேண்டும். அவரும் குளித்து, பவுடர் போட்டு, மந்திரி மாதிரி வருவார்.

ஒருநாள் டாக்டர் அவருக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார். கேழ்வரகு, நடை. மச்சான் மெலிய மெலிய வண்டி மறுபடி குதிக்கத் தொடங்கியது. அவர் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் இருவர் மட்டும் இழவு விழுந்ததுபோல் இருந்தோம்.

"அண்ணாத்தே, ரொம்ப எளச்சிட்ட. ஒடம்ப பாத்துக்க" என்று நான் ஒரு கிண்ணம் பாயாசத்தை நீட்டினேன். அவர் மனைவி அதைப் பிடுங்கி, "ஒன் வண்டிக்கு என் ஊட்டுக்காரரு பலியா?" என்றார். வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாளே புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளுக்குப் போய், ஸ்கூட்டர்களில் இருந்து கழற்றிய மெல்லிய ஸ்பிரிங்குகளைத் தேடி எடுத்து வந்து மாட்டினோம். இந்தத் தடவை நாங்கள் இருவருமே ஏறி உட்கார்ந்து, வெல்டரின் மனைவியைக் கீழே உட்காரவைத்து உயரத்தை அளக்கச் சொன்னோம். வண்டி மிதந்தது. அவர் குழம்போடு தன் அம்மா வீட்டுக்குப் போய், ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் இறங்கினார்.

மூன்றாம் மாதம் மச்சான் கேழ்வரகைக் கைவிட்டு, பழைய உருவத்தோடு வந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏற்றிக்கொண்டோம். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது வண்டியின் அடிவயிறு தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டது. கேட்கீப்பர் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். பின்னால் ஒரு டேங்கர் லாரி ஹாரனை விடவே இல்லை.

மச்சான் நிதானமாக இறங்கினார். வண்டி சட்டென்று ஒரு சாண் உயர்ந்து தானாகவே நகர்ந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்கீப்பரிடம் பெருமையாகச் சொன்னார்:

"பாத்தியா நைனா, இன்னா மருவாத! நான் எறங்கினா எந்திரிச்சி நிக்குது."