கீரையில் படிந்த சாம்பல்

டவுன்ஷிப் பூங்காவில் கான்ட்ராக்டில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவன் நான். தனி ஆள், யாரோடும் அதிகம் பேச வராது. தினமும் காலையில் என் குழாயடிக்கு முருங்கைக்கீரை விற்கும் ஓர் அம்மா வருவார். சுரங்கத்துக்கு அந்தப்பக்கம் ஏதோ ஒரு கிராமம். மெலிந்த உடம்பு, ஓயாத இருமல். கீரையில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலைக் கட்டுக் கட்டாக அலசி உதறிய பிறகுதான் குவார்ட்டர்ஸ் பக்கம் விற்கப் போவார்.

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "உங்க வூட்டுக்கும் இப்படித்தான் அலசுவீங்களா?"

"நமக்கு எதுக்குண்ணே? இங்க இருக்கிற அம்மாங்கதான் காத்து கெட்டுப்போச்சு, தூசி நெஞ்சுல தங்கும்னு சொல்லிக்கினு விரலால தேச்சுப் பாக்கறாங்க. எங்க ஊர்ல அத யாரு பாக்கறா?"

"அப்ப இந்த இருமல்?"

"அது பனி."

சித்திரை வெயிலில் நின்றுகொண்டு அதைச் சொன்னார். மூச்சிலும் அந்தச் சாம்பல்தான் போகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் ஒரு கீரைக்கட்டை நானே மூன்று முறை அலசி, "இது உங்க வூட்டுக்கு" என்று தனியாகக் கொடுத்தேன்.

அடுத்த நாள், சமைத்தாரா என்று கேட்டேன்.

"அவ்ளோ சுத்தமா இருந்துச்சா, மொத வூட்டுலயே வாங்கிக்கினாங்கண்ணே" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஆடிக்குப் பிறகு அவர் வரவில்லை. எந்த ஊர் என்றுகூட நான் கேட்டு வைக்கவில்லை. தண்ணீர் விடும்போது இலைகளை விரலால் தேய்த்துப் பார்க்கிறேன். சாம்பல் ஒட்டுகிறது. காட்டத்தான் ஆள் இல்லை.