நாலு நிமிஷம் முந்திய பாங்கு

வாப்பாவின் விரல்களில் எந்நேரமும் மண்ணெண்ணெய் வாசம் இருக்கும். எனக்குச் சோறு பிசைந்து ஊட்டும்போதும் அது வரும். கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்து மணிக்கூடு திருத்தியவர் அவர். சுனாமி வந்தபோது எனக்குப் பத்து வயது. வீடு போனது. பெட்டியும் போனது. நாங்கள் மிஞ்சினோம்.

எங்கள் பள்ளிவாசலின் சுவர் மணிக்கூட்டுக்குள்ளும் கடல் புகுந்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சாவி கொடுப்பது வாப்பாவின் வேலை. வேறு யாரும் அந்தச் சாவியைத் தொட்டதில்லை. உப்பேறிய சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, அடுத்த நோன்புக்கு முதல் அதை ஓட வைத்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் மோதினார் நோன்பு திறக்கும் பாங்கு சொல்வார். தகரக் கொட்டில்களில் நாங்கள் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக் காத்திருப்போம்.

ஒருநாள் காலை ரேடியோவில் நேரம் சரிபார்த்த வாப்பா வந்து உம்மாவிடம் சொன்னார். மணிக்கூடு நாலு நிமிஷம் முந்தி ஓடியிருந்தது. முந்தின நாள், பிந்துகிறதென்று நினைத்து, முள்ளைத் தேவைக்கு மேல் முன்னே தள்ளிவிட்டார். சூரியன் மறையுமுன் ஊரே நோன்பு திறந்துவிட்டது. அன்று மழைமூட்டம் வேறு. கிழக்கில் எங்களுக்குப் பொழுது முந்திச் சாய்வதால் ரேடியோவின் கொழும்புப் பாங்கு எப்போதும் பிந்தித்தான் கேட்கும். அதனால் ஒருவரும் சந்தேகப்படவில்லை.

"சொல்லாட்டி ஆருக்குத் தெரியப்போகுது? சாவியப் பறிச்சிருவாங்க" என்றார் உம்மா.

"எனக்குத் தெரியுமே கா" என்றார் வாப்பா.

பகல் தொழுகை முடிந்ததும் எழுந்து நின்று சொன்னாராம். கூடப் போன என் காக்கா, வீட்டின் மூத்த பிள்ளை, வந்து சொன்னார். "ஒன்ட மணிக்கூட்டுக்கும் பசி போல" என்று யாரோ சொல்லச் சிலர் சிரித்தார்களாம், சிலர் ஏசினார்களாம். பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார் கையை நீட்ட, வாப்பா சாவியைக் கொடுத்துவிட்டார். பெருநாள் கழிந்து எல்லோரும் அந்த ஒரு நோன்பைத் திரும்பப் பிடிப்பதென்று முடிவானது.

பக்கத்துக் கொட்டிலில் ஆதம் அப்பா தனியாக இருந்தார். அவருடைய ஆட்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. "நான் வயசாளி தம்பி. பெருநாள் வரைக்கும் உசிரோட இருந்தாப் புடிப்பன்" என்றார் வாப்பாவிடம்.

பெருநாளுக்கு நாலு நாள் இருக்க மௌத்தாகிவிட்டார்.

ஊர் ஒரு நோன்பு பிடித்தது. வாப்பா இரண்டு பிடித்தார். அடுத்த வருஷம் பெருநாள் கழிந்ததும் ஆதம் அப்பாவுக்காக மறுபடி ஒன்று பிடித்தார். அதற்கடுத்த வருஷமும்.

"ஒண்டே போதுமாம், ஆலிம்சா சொல்றார்" என்று உம்மா சொல்லிப் பார்த்தார். வாப்பா கேட்டுக்கொண்டார். விடவில்லை.

யுத்தம் முடிந்த வருஷம் பள்ளிக்குக் கரண்டில் ஓடும் மணிக்கூடு வந்தது, சிவப்பு எண்கள். பழையதை எங்கே போட்டார்களோ தெரியாது. சந்தைப் பக்கம் இப்போது ஃபோன் திருத்துகிறார்கள். வாப்பாவும் இல்லை.

பெருநாளுக்குப் பிறகு எங்கள் ஊரில் ஆறு நோன்பு பிடிப்பது வழக்கம். உம்மா ஏழு பிடிக்கிறார்.