சித்தியின் தொண்டையில் வெளிச்சம்

சித்தி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஊருக்கே சொன்ன குரல் அவளுடையது. போன வருடம் முதல், பொழுது சாயச் சாய அந்தக் குரல் நூலாகத் தேய்ந்தது. இமைகளும் கூடவே சரிந்தன. மார்பெலும்புக்குப் பின்னால், தைமஸ் சுரப்பியில் கட்டி என்றார்கள். வளர்ந்தபின் சுருங்கிப்போக வேண்டிய சுரப்பி அது. கட்டி பரவியிருக்கிறதா என்று பார்க்க, நான் வேலை செய்யும் ஸ்கேன் பிரிவுக்கே வந்தாள்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கதிர்வீச்சு கலந்த சர்க்கரை மருந்தை நானே ஊசியில் ஏற்றினேன். கட்டியானாலும், உழைக்கும் தசையானாலும் அதை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். அதனால் ஒரு மணி நேரம் தனியறையில் பேசாமல் படுக்க வேண்டும்.

“வாயைத் திறக்கக் கூடாது சித்தி.”

“என் பிழைப்பே வாய்தான், அதையும் பூட்டிட்டியா. படிக்க வெச்சதுக்கு நல்லா செய்யறடி.”

படத்தில் மார்பில் ஒரு வெளிச்சம். தொண்டையில் இன்னொன்று.

“பேசினாங்களா?” என்றார் டாக்டர். “இல்லன்னா பரவியிருக்கலாம். அப்புறம் ஆபரேஷன் சுலபமில்ல.”

சித்தியின் அறைக் கதவருகே நின்று, பேசினாளா என்று கேட்டேன்.

“சத்தியமா வாயே திறக்கலடி. கண்ணசந்துட்டேன்.”

சித்தி பொய் சொல்லமாட்டாள். அன்று மட்டும் அது பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதற்கா படித்தேன்?

அறையின் கேமரா பதிவை ஓட்டினோம். மூடிய கண்கள், அசையும் உதடுகள். மாதக்கணக்கில் நான் கேட்காத, பிசிறில்லாத பழைய குரல்: “பயணிகளின் கவனத்திற்கு...” ஒவ்வொரு வண்டியாக அறிவித்தாள், தூக்கத்திலேயே.

“பேச்சுதான்,” டாக்டர் மூச்சு விட்டார். “கட்டி மார்புல மட்டும். எடுத்துடலாம்.”

அவர் போனபிறகும் நான் பதிவை நிறுத்தவில்லை. பதிவின் முடிவில் சித்தி கேட்டாள்: “கடைசி வண்டி கிளம்பப்போகிறது. ஏற வேண்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?”

ஈயச் சுவர் போட்ட அறை. அவளைத் தவிர யாருமில்லை. ஏசியின் இரைச்சல் மட்டும். கண் திறக்காமலே கதவுப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“சரி, பார்த்து ஏறுங்க.”

நல்ல செய்தியைச் சொல்லப் போனேன். சித்தி விழித்திருந்தாள். கட்டிலின் ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள், வண்டியில் பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டவளைப் போல.