செவுளில் சோப்பு நாற்றம்

கழிவுநீர்க் குழாயை மழைநீர்க் கால்வாயில் விட, எதிர்வீட்டுக்காரர் மூடியைத் திறந்தார். சாக்கடையும் சோப்பும் கலந்த அந்த நாற்றம் என்னைத் தொண்ணூறுகளுக்குத் தள்ளியது.

அடையாறு முகத்துவாரத்திலிருந்து தாம்பரத்தில் எங்கள் தெருவுக்குக் கூடையோடு வருவார் மீன்கார அஞ்சலை அக்கா. ஒருநாள் அம்மா ஒரு மடவை மீனின் செவுளைத் தூக்கி முகர்ந்து, "சோப்பு நாத்தம் அடிக்குதே" என்றார்.

அக்கா சீறினார். "மீனு இன்னாம்மா பண்ணும்? உங்க தெருத் தண்ணிதான் ஆத்தோட வந்து எங்க கடல்ல வுழுது. கரையோரம் மீனே காணோம். மீனு எங்களுது, நாத்தம் உங்களுது!"

அம்மா அன்றே எங்கள் குளியலறைத் தண்ணீரை வாழைக்குத் திருப்பினார்.

இப்போது நான் தடுத்ததும், "எல்லாரும் விடுறாங்களே சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

மூடியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன்.

"முதல்ல என்னைத் தூக்குங்க சார். அப்புறம் குழாயைப் போடுங்க."