ஒரே வேலிக்குள் ஆண் குதிரை

அனந்தபுரத்தில் பிறந்த சாகிரா, கல்யாணமாகி செஞ்சிக்கு வரும்வரை குதிரையைத் தொட்டதில்லை. கணவர் அன்வர் பாஷா மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் குதிரை கொண்டுபோகிறவர். சாரட் வண்டியோடு அவர் ஊர் ஊராகப் போய்விடுவார். செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையடிவாரத்தில், வேலி போட்ட மேய்ச்சல் காட்டில் குதிரைகளோடு இருப்பது சாகிராதான். தீனி வைப்பது, தண்ணீர் காட்டுவது, குளம்பில் சிக்கிய கல்லைக் கிண்டி எடுப்பது எல்லாம் பதினாறு வருஷத்தில் கைவந்துவிட்டன. அதோடு வேடிக்கை பார்க்கிற பழக்கமும் ஒட்டிக்கொண்டது. தொட்டியில் முதலில் வாய் வைப்பது எது, எதற்கு எது வழிவிடுகிறது என்று நின்று பார்ப்பாள். பார்த்துக்கொண்டே அடுப்பில் பாலை வைத்தது மறந்துபோகும்.

அப்போது அவர்களிடம் இருந்தவை நான்கு. முத்து, ரோசி, மைனா என்று மூன்று பெண் குதிரைகள், பாபு என்று காயடித்த ஆண் ஒன்று. ஆடி மாதம் அந்தியூர் சந்தைக்குப் போன அன்வர் பாஷா ஐந்தாவதாக ஒன்றை வண்டியிலிருந்து இறக்கினார். சந்தன நிறம். கழுத்தை வில்லாக வளைத்துக்கொண்டு அது நடந்தால் ரோட்டில் போகிறவர்கள் பைக்கை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். காயடிக்காத குதிரை. சந்தனம் என்றே பெயர் வைத்தார்கள்.

"இத தனியா கட்டணுமாங்க?" என்று சாகிரா கேட்டாள்.

"ஒரே ஆம்பள, மூணு பொம்பள. பாபு காயடிச்சது. இன்னா சண்டை வரப்போவுது? எல்லாத்தையும் ஒண்ணாவே வுடு."

ஒன்றாகவே விட்டார்கள். முதல் இரண்டு மாதம் அவர் சொன்னதுதான் சரி என்று தோன்றியது. பாபு மட்டும் இளைத்துக்கொண்டே போனது. குடற்புழுவாக இருக்கும் என்று மருந்து கொடுத்தார்கள். தேறவில்லை. ஒருநாள் அதன் உடம்பைத் தேய்த்துவிடும்போதுதான், பிடரி மயிருக்கு அடியில் வரிசையாகப் பல் பட்ட காயங்களைச் சாகிரா பார்த்தாள். சந்தனம் அதைத் தீனியிடமோ தண்ணீரிடமோ அண்டவிடவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அவளுக்கே அடிபட்டது. காலை எட்டு மணி இருக்கும். ஊறவைத்த கொள்ளை வாளியில் எடுத்துக்கொண்டு மைனாவை நோக்கிப் போனாள். பின்னாலிருந்து குளம்புச் சத்தம் கேட்டது. திரும்பினாள். சந்தனம் காதுகளைப் பின்னுக்கு மடக்கி, தலையைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, பாம்பு ஊர்வது மாதிரி கழுத்தை ஆட்டிக்கொண்டு வந்தது. விலகுவதற்குள் அதன் தோள் இடித்து, பாறைமேல் போய் விழுந்தாள். காறை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். அன்வர் பாஷா துடித்துப்போனார். "இந்த வாரமே வித்துடறேன் அத" என்றார்.

"அது என்னைப் பாக்கவே இல்லீங்க" என்றாள் சாகிரா. வலியைவிட அதுதான் அவளைக் குடைந்தது. "கண்ணு முழுக்க மைனா மேலதான். நான் நடுவுல நின்னேன், அவ்ளோதான். நேத்து அதே எடத்துல நின்னப்போ ஒண்ணும் பண்லியே? இன்னிக்கு மட்டும் இன்னா வந்துச்சு?"

மனைவி இப்படிக் கேட்ட பிறகு எப்படி விற்பது? அன்வர் பாஷா விற்கவில்லை. அண்ணன் மகன் யாசரைத் தீனி வைக்கச் சொன்னார். சாகிரா புங்கமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையைக் கழுத்தில் தொங்கிய துணித் தொட்டிலில் மாட்டியபடி ஆறு வாரமும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் தெரிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கூட்டத்துக்குத் தலைமை சந்தனம் இல்லை, கிழட்டு முத்து. எங்கே மேய்வது, எப்போது தண்ணீருக்குப் போவது எல்லாம் முத்து வைத்த சட்டம். சந்தனம் பின்னாலேயே வரும். விலகிப்போகிற பெண் குதிரையைத் தலையைத் தாழ்த்தி விரட்டிக் கூட்டத்தோடு சேர்க்கும். அன்றைக்குச் சாகிரா மாட்டிக்கொண்டது அந்த விரட்டலில்தான். தினமும் அது அப்படிச் செய்வதில்லை. நகைக்கடைக் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு, சந்தனம் முரண்டு பிடித்த நாளில் ஒரு கோடு போட்டாள். மைனா வாலைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி மூத்திரம் விட்டு, வேலியோரம் போய்ப் போய் நின்ற நாளில் ஒரு புள்ளி. ஆறு வாரத்தில் கோடும் புள்ளியும் ஒரே கட்டங்களில் வந்து உட்கார்ந்தன. ஐந்தாறு நாள் இருக்கும், அடங்கும், தொடங்கிய நாளிலிருந்து மூன்று வாரத்தில் திரும்ப வரும். ரோசிக்கும் அதே கணக்கு, தேதிதான் வேறு.

கால்நடை டாக்டர் ரஞ்சனியிடம் காலண்டரைக் காட்டினாள். அவர் சின்ன வயசுக்காரர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பருவத்துக்கு வர நாளுங்கதாம்மா இது. சரியா குறிச்சிருக்கீங்க. இங்க மாடும் ஆடும்தான் வருது. குதிரையப் பத்தி எனக்குத் தெரிஞ்சது காலேஜ்ல படிச்சதுதான். நீங்க பாக்கறத எனக்கும் சொல்லுங்க."

கார்த்திகை மாதத்தில் திருவண்ணாமலை ரோட்டு மண்டபம் ஒன்றில் கல்யாணம். சந்தனத்தின் மேல் மாப்பிள்ளை, சாரட்டில் மைனா என்று அன்வர் பாஷா முடிவு செய்திருந்தார். சாகிரா காலண்டரோடு வந்து நின்றாள்.

"மைனாவ கட்டாதீங்க. ரோசிய கட்டுங்க. இன்னிக்கு மைனாவுக்கு ரெண்டாம் நாளு."

"கல்யாணத்துக்கு அவங்க காலண்டர் பாக்கறாங்க, குதிரைக்கு நீ பாக்கறியா?" என்று சிரித்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

மாலை ஆறு மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. சந்தனம் அதுவரை எத்தனையோ ஊர்வலங்களில் வெடிச் சத்தத்துக்கும் பேண்டு சத்தத்துக்கும் காதைக்கூட ஆட்டாமல் நடந்த குதிரை. முன்னால் போன சாரட்டிலிருந்து காற்று பின்பக்கம் திரும்பியதும், மேலுதட்டைச் சுருட்டி மோப்பம் பிடித்து, ஒரே கனைப்பாகக் கனைத்துப் பின்னங்காலில் எழுந்தது. மாப்பிள்ளை பிரசாந்த் தலைப்பாகை ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாகச் சரிந்தார். நல்ல வேளை, டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தவர் தாங்கிப் பிடித்தார். மணிக்கட்டு பிசகியதோடு போயிற்று. சாரட்டில் அப்போது நாலைந்து குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். அன்வர் பாஷா லகானைப் பிடித்துத் தொங்கினார். சந்தனம் இருபது அடி தூரம் அவரை இழுத்துக்கொண்டு போய்த்தான் நின்றது.

திரும்பி வந்தவர் சாப்பிட உட்காரவில்லை. சாகிரா எதிரில் வந்து நின்றார்.

"இன்னொரு தடவ சொல்லு. எத்தன நாளுக்கு ஒருக்கா?"

பிரிப்பது என்று அன்றைக்கே முடிவானது. காட்டுக்கு நடுவில் சவுக்குக் கழி கட்டி, சந்தனத்தை ஒரு பக்கமும் மற்றவற்றை மறுபக்கமும் விட்டார்கள். இரண்டாம் நாளே கழியை முறித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. மார்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். தையல் போட்ட டாக்டர் ரஞ்சனி, காயடித்துவிட்டால் பெரும்பாலும் அடங்கும் என்றும், வயதேறிய குதிரைக்குப் பழைய குணம் கொஞ்சம் தங்கிவிடலாம் என்றும் சொன்னார். அன்வர் பாஷா அதற்கும் தயாராகிவிட்டார்.

"ஒரு மாசம் குடுங்க" என்றாள் சாகிரா. "பொம்பளைங்க கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத எடத்துல இருந்தா இது எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதில்ல? தெரிஞ்சிக்கினு அப்பறம் செய்யலாம்."

மலைக்கு அந்தப் பக்கம் பாண்டுரங்கன் என்ற விவசாயிக்கு ஒரு தரிசு நிலம் இருந்தது. போய்க் கேட்டாள்.

"வுட்டுக்கோ பாயம்மா. லத்திய மட்டும் எனக்கு வுட்டுடு, மல்லாட்டைச் செடிக்கு எருவாப் போட்டுக்கறேன்" என்றார் அவர்.

பெண் குதிரைகள் மூன்றும் அங்கே போயின. பாபுவை வீட்டுப் பக்கம் கட்டிவைத்தார்கள். சந்தனம் இரண்டு நாள் ஓயாமல் கனைத்தது. வேலியோரமாகவே நடந்து நடந்து மண்ணில் தடம் போட்டது. புல்லை முகரக்கூட இல்லை. தனியாக இருந்தால் இது செத்துப்போகும் என்று சாகிராவுக்குப் பட்டது. துணைக்கு விடுவதற்குப் பாபுவைத் தவிர வேறு குதிரை கிடையாது. கடிபட்டு இளைத்த அதே பாபு.

"உனக்குப் பைத்தியமா?" என்றார் அன்வர் பாஷா. ஆனாலும் நீளக் கழியோடு வாசலில் வந்து நின்றார்.

மூன்றாம் நாள் காலை பாபுவை உள்ளே விட்டாள். சந்தனம் பாய்ந்து வந்தது. இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்தன. சந்தனம் கீச்சென்று கத்தி, முன்னங்காலால் தரையை ஓங்கி அடித்தது. பாபு இரண்டடி பின்வாங்கியது. அன்வர் பாஷா கழியை ஓங்கினார். சாகிரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. பாபு தலையைக் குனிந்து புல்லைக் கடித்தது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த சந்தனமும் குனிந்து மேய ஆரம்பித்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது இரண்டும் எதிரும் புதிருமாக நின்று ஒன்றின் முதுகை ஒன்று பல்லால் சொறிந்துகொண்டிருந்தன.

"அதே குதிரைதானா இது?" என்றார் அன்வர் பாஷா.

"அதேதான். இங்க காவல் காக்கறதுக்கு அதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் சாகிரா.

காயடிக்கிற பேச்சு நின்றது. பங்குனிக்குள் பாபு பழைய உடம்புக்கு வந்துவிட்டது. ஊர்வலத்துக்குச் சந்தனம் போனால் சாரட்டில் பாபுதான். எந்த நாளில் யார் பக்கத்தில் யாரைக் கட்டுவது என்பதைச் சாகிரா சொல்வாள், அன்வர் பாஷா மறுபேச்சுப் பேசமாட்டார். சந்தனத்தின் காட்டுக்குள் நுழையும்போது மட்டும் அவள் இன்றும் அதற்கு முதுகு காட்டுவதில்லை. யாசரையும் தனியாக உள்ளே விடுவதில்லை. மழைநாளில் காறை எலும்பு வலிக்கும்.

பிரிப்பதற்கு முன்பே மைனா சினையாகியிருந்தது. ஐப்பசியில் பாண்டுரங்கன் நிலத்திலேயே குட்டி போட்டது. தகப்பனின் சந்தன நிறம், ஆண் குட்டி. பிறந்த ஒரு மணி நேரத்தில் நாலு காலையும் நாலு பக்கம் பரப்பிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டது. பார்க்க வந்த டாக்டர் ரஞ்சனி மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

சாகிரா குட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தாள்.

"டாக்டர், இவன எத்தனாவது மாசத்துல இவங்ககிட்டருந்து பிரிக்கணும்?"

"ஒரு வயசுக்குள்ள பிரிச்சிடறது நல்லதும்மா. அதுக்குமேல வுட்டா அம்மா, சித்தின்னு பாக்காது."

"பிரிச்சு அப்பன்கிட்ட வுட்டா அது சேத்துக்குமா, விரட்டுமா?"

டாக்டர் மொபைலைத் தாழ்த்தினார். "தெரியலியேம்மா. படிச்சுட்டு வந்து சொல்றேன்."

"நீங்க படிங்க" என்றாள் சாகிரா, மைனாவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரை வாளியில் ஊற்றியபடி. "நான் பாத்து வைக்கறேன்."