‘தூங்குது’ என்றொரு பதில்

பதினோராவது கேள்வி எனக்கு இன்னும் மனப்பாடம். ‘குழந்தையின் அசைவு: உண்டு / இல்லை.’ பக்கத்தில் இரண்டு சிறு கட்டங்கள். பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் கர்ப்பிணிகளைப் பார்த்து, ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் அடிப்பதுதான் என் முதல் வேலை. தாய்சேய் நல ஆய்வுக்காகச் சென்னையிலிருந்து வந்த டாக்டரம்மா என்னை அதற்கு அமர்த்தியிருந்தார்.

கையாலேயே சேற்றைத் துழாவி இறால் தடவும் பெண்கள் ஏழு, எட்டு மாத வயிற்றோடும் ஏரியில் இறங்குவார்கள். கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். “இன்னா டாக்டரம்மா, நான் ஏரித் தண்ணில கீறேன், அது வயித்துத் தண்ணில கீது. ஆடாம இன்னா பண்ணும்?” என்றாள் ஒருத்தி. அன்று கூட வந்திருந்த டாக்டரம்மா அதையும் சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இன்னொருத்தி, “ரெண்டு நாளா தூங்குதுக்கா” என்றாள். தூங்குவதென்றால் நன்றாக இருப்பதுதானே? ‘உண்டு’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த வாரமே அவளுக்குக் குழந்தை இறந்து பிறந்தது.

டாக்டரம்மா என் தாளை எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தார். திட்டவில்லை. “நீங்க டிக் அடிச்சது இருக்கட்டும். அவங்க வாயால என்ன சொன்னாங்க?” என்று கேட்டார். சொன்னேன். உடனே அந்தக் கட்டங்களைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ‘கடைசியாக எப்போது அசைந்தது? அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுக’ என்று மாற்றினார். பார்த்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனோம். அதனால் அவருடைய ஆய்வுக் கட்டுரை ரொம்பத் தள்ளிப்போனது. ‘தூங்குது’ என்று யாராவது சொன்னால் பேனாவை மூடிவிட்டு அவளைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அதன்பிறகு எங்கள் வழக்கமாயிற்று.

இத்தனையும் தெரிந்தவள் நான். போன மாதம் பொன்னேரியிலிருந்து என் மகள் போனில் கூப்பிட்டாள். அவளுக்கு ஒன்பதாம் மாதம். “காலைலேர்ந்து புள்ள அசையவே இல்லம்மா.” மீன் கழுவிய கை ஈரத்தோடு நான் சொன்னேன்: “தூங்குதுடி. எதுனா துன்னுட்டுப் படு. தானா முழிச்சுக்கும்.”

போனை வைத்துவிட்டு மிச்ச மீனையும் கழுவினேன். கால் மணி நேரம் இருக்கும். என் வாயில் வந்த சொல் என் காதில் விழ அவ்வளவு நேரம் ஆயிற்று. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்; அவள் எடுக்கவில்லை. காத்துக் கிடந்து பஸ் ஏறினேன். பாதி வழியில் மருமகன் பேசினார். என்னிடம் பேசியதுமே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்களாம், ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்களாம், பெண் குழந்தை, கொஞ்சம் தாமதமாகத்தான் அழுததாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, டாக்டரம்மாவின் பெயரைப் போட்டு போனில் தேடினேன். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன கட்டுரைகள்: ரத்தசோகை, குறைமாதப் பிரசவம், பிறப்பு எடை. எங்கள் ஏரியைப் பற்றியது நடுவில் எங்கோ, ஒன்றே ஒன்று. ஊர்ப் பெயர் இல்லை. ஆனால் உள்ளே ஓரிடத்தில் ‘தூங்குது’ என்பதை அப்படியே ஆங்கில எழுத்தில், சாய்வாகப் போட்டு, அதற்கு ஒரு பத்தி விளக்கம் எழுதியிருந்தார். கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் என் பெயர். அதைப் பார்க்க முடியாமல் போனை அணைத்துவிட்டேன்.

நேற்றுதான் மகளிடம் வாய்விட்டுச் சொன்னேன். “நான் சொன்னதக் கேட்டு நீ படுத்திருந்தா…”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நீ சொன்னத நான் எப்பம்மா கேட்டிருக்கேன்?” என்றாள். சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டாள். “புடி. குளிச்சிட்டு வரேன்.”