லெஃப்ட் டேங்கின் சதுர்த்தி உபவாசம்

புனே ஏர்போர்ட்டில் இருபது வருஷமாக விமானங்களுக்கு எண்ணெய் போடுகிறேன். நான் அடித்த ஜோக்குகளில் ஒன்று மட்டும் விசாரணை அறிக்கையில் ஏறியிருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

ரெண்டு இன்ஜின் சரக்கு விமானம். பிம்ப்ரி மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லெஃப்ட் டேங்கின் கேஜ் ரிப்பேர். இறக்கைமேல் ஏறி டிப்ஸ்டிக் விட்டு எண்ணெய் அளவு பார்த்தேன். லெஃப்டில் அடிமண்டிதான், ரைட்டில் நிறைய. வரும் வழியில் ரெண்டு இன்ஜினும் லெஃப்டிலிருந்தே குடித்திருக்கின்றன. ரைட்டுக்கு மாற்றிவிட பைலட்டுகள் பக்கத்தில் ஒரு சுவிட்ச் உண்டு.

கேப்டன் ரகு தஞ்சாவூர்க்காரர். புனேயில் தமிழ் பேச ஆள் கிடைத்தால் எனக்கு வாய் நிற்காது.

"சார், லெஃப்ட் டேங்குக்கு இன்னிக்கு சதுர்த்தி உபவாசம் போலருக்கு!"

"ராத்திரி நிலாவப் பாத்துட்டுச் சாப்பிட்டுக்கும், விடுய்யா. மொத்தத்துல போதும்ல?"

"மொத்தத்துல போதும் சார்."

சிரித்தார். நானும் சிரித்தேன். தமிழ் தெரியாத கோ-பைலட் குல்கர்ணி மரியாதைக்குச் சிரித்துவிட்டு, எண்ணெய்ச் சீட்டில் மொத்தக் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ரெண்டு இன்ஜினும் நின்றன. சுவிட்சை கேப்டன் மாற்றியிருப்பார் என்று குல்கர்ணியும், குல்கர்ணி மாற்றியிருப்பார் என்று கேப்டனும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். ரைட் டேங்க் எண்ணெயோடு விமானம் கரும்புத் தோட்டத்தில் வயிறு தேய்த்து இறங்கியது. குல்கர்ணிக்குச் சிராய்ப்பு. கேப்டனுக்குத் தொடை எலும்பு முறிவு.

விசாரணையில் மூன்று அதிகாரிகள். என் ஏர்போர்ட் பாஸ் அவர்கள் மேஜைமேல் இருந்தது. அது போனால் வேலையும் போகும்.

"லெஃப்ட் டேங்க் காலின்னு சொன்னியா?" என்று ஹிந்தியில் கேட்டார் பெரியவர்.

"சொன்னேன் சார்."

"என்ன வார்த்தை சொன்னே? அதையே சொல்லு."

சொன்னேன். ஹிந்தியில் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். ஸ்டெனோவுக்காக இன்னொரு தடவை, மெதுவாக. என் வாழ்க்கையில் ஒரே ஜோக்கை மூன்று தடவை சொல்லி ஒருத்தரும் சிரிக்காதது அன்றைக்குத்தான்.

"இதுல எண்ணெய்ங்கிற வார்த்தை எங்கே?"

நாலாவது தடவையாக ஜோக்கை மனசுக்குள் சொல்லித் தேடினேன்; இல்லை.

பாஸ் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அதற்குமுன் ஒரு நாள், ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்த கேப்டனைப் பார்க்கப் போனேன்.

"ஜோக் நல்லாத்தான்யா இருந்துச்சு. காலின்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தீன்னா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார்.

இப்போது ஒவ்வொரு டேங்கின் அளவையும் தனித்தனியாக, ரெண்டு பைலட்டுகளுக்கும் புரியும் பாஷையில் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து, கையெழுத்து வாங்குகிறேன். அதற்குப் பிறகுதான் ஜோக். கேட்க ஆள் நிற்பதில்லை. கிளம்பிவிடுகிறார்கள். போகிற ஊரில் ஒழுங்காக இறங்கியும் விடுகிறார்கள்.